தமிழை உடைக்காத புரோகிராம் எழுதுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

ஒரு ஸ்ட்ரிங்கின், அதாவது புரோகிராமில் உள்ள எழுத்துத் தொடரின், நீளம் என்ன? புரோகிராமர்கள் கூடும் இடங்களில் இந்தக் கேள்வி அடங்குவதே இல்லை. நெற்றியில் கை வைத்துக்கொள்ளும் ஆளின் எமோஜியை, தோல் நிறமும் பாலினமும் சேர்த்து எடுத்துக்கொள்வார்கள். ஜாவாஸ்கிரிப்ட் அதன் நீளம் 7 என்கிறது, பைத்தான் 5 என்கிறது, ரஸ்ட் 17 என்கிறது, ஸ்விஃப்ட் 1 என்கிறது. எது சரி என்று வாதம் நீண்டுகொண்டே போகும்.

ஆங்கிலத்தில் மட்டும் வேலை செய்கிறவர்களுக்கு எமோஜி வந்தால்தான் இந்தத் தலைவலி. நமக்கு அது ஏறக்குறைய ஒவ்வொரு சொல்லிலும் இருக்கிறது. 'தமிழ்' என்ற சொல்லையே கொடுத்துப் பாருங்கள். ரஸ்டும் கோ மொழியும் 15 என்கின்றன, பைத்தானும் ஜாவாவும் ஜாவாஸ்கிரிப்டும் 5 என்கின்றன, ஸ்விஃப்ட் 3 என்கிறது. மூன்று எழுத்து என்று ஒன்றாம் வகுப்புக் குழந்தை சொல்லும் பதிலுக்கு, நாம் அதிகம் பயன்படுத்தும் மொழிகள் வேறு எண்ணைத் தருகின்றன. இதில் எரர் எதுவும் வராது என்பதுதான் கவலைக்குரிய விஷயம். புரோகிராம் ஓடும், டெஸ்ட் எல்லாம் பச்சையாக இருக்கும், தமிழ் மட்டும் சத்தமில்லாமல் சிதைந்துபோகும்.

அந்தச் சிதைவு எங்கெல்லாம் நடக்கிறது, எப்படித் தடுப்பது என்று வரிசையாகப் பார்ப்போம்.

படி 1: எந்த நீளம் வேண்டும் என்று முதலில் முடிவு செய்யுங்கள்

உலக மொழிகளின் எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் பொதுத் தரமான யூனிகோடில் தமிழுக்கு 2944 முதல் 3071 வரை 128 இடங்கள் ஒதுக்கப்பட்டிருக்கின்றன. நம் 247 எழுத்துகளுக்கும் தனித்தனி எண் கிடையாது. உயிரெழுத்துகள், ஆய்தம், அகரமேறிய மெய்கள், துணைக்குறிகள், புள்ளி ஆகியவற்றுக்கு மட்டும் எண் உண்டு. இந்த எண்ணுக்குத்தான் கோட் பாயின்ட் என்று பெயர். 'மி' என்பது ம, அதன்பின் இகரக் குறி என இரண்டு கோட் பாயின்ட். 'ழ்' என்பது ழ, அதன்பின் புள்ளி. ஆக 'தமிழ்' ஐந்து கோட் பாயின்ட். இந்த எண்களை பைட்டுகளாகச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு கோட் பாயின்டும் 3 பைட் எடுக்கும். அதனால்தான் 15.

நம் கண்ணுக்கு ஓர் எழுத்தாகத் தெரிவதை யூனிகோட் 'கிராஃபீம் கிளஸ்டர்' என்கிறது. அந்த விதிகளை விளக்கும் யூனிகோட் ஆவணம் எடுத்துக்காட்டாகக் காட்டும் எழுத்துகளில் தமிழின் 'நி'யும் ஒன்று. உலகத்து நிரலாளர்களுக்குப் பாடம் சொல்ல நம் எழுத்து பயன்படுகிறது. நம் ஊரில் எழுதப்படும் பல செயலிகளில் அதே எழுத்து உடைகிறது.

மூன்று நீளங்களும் சரியானவைதான், ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை இருக்கிறது. சேமிப்பிடத்துக்கும் நெட்வொர்க்குக்கும் பைட். யூனிகோட் விதிகளோடு நேரடியாக வேலை செய்யக் கோட் பாயின்ட். மனிதர் பார்ப்பது, எண்ணுவது, வெட்டுவது எல்லாவற்றுக்கும் கிராஃபீம். 'கிருஷ்ணமூர்த்தி' என்ற பெயர் 8 எழுத்து, 15 கோட் பாயின்ட், 45 பைட். பெயருக்கு 50 போதும் என்று எழுதி வைக்கும்போது எதில் 50 என்று கேளுங்கள். ஆரக்கிள் டேட்டாபேஸில் விசேஷமாக எதுவும் சொல்லாவிட்டால் அந்த 50 பைட்டைக் குறிக்கும். 16 தமிழ்க் கோட் பாயின்டோடு இடம் தீர்ந்துவிடும். இனிஷியல், அப்பா பெயர், ஊர்ப் பெயர் எல்லாம் சேர்த்து எழுதுகிற நம் வழக்கத்துக்கு அது எந்த மூலைக்கு?

குறுஞ்செய்தியும் இப்படித்தான். ஆங்கிலத்தில் ஒரு எஸ்எம்எஸ் 160 எழுத்து. தமிழ் கலந்ததும் அது 70 ஆகிவிடும், அந்த 70-உம் கோட் பாயின்ட் கணக்கு. அதைத் தாண்டிப் பல துண்டாகப் போனால் ஒரு துண்டுக்கு 67. ஓடிபி, நினைவூட்டல் அனுப்பும் சேவை எழுதுகிறவர்கள் செலவுக் கணக்கை இதை வைத்துத்தான் போட வேண்டும்.

படி 2: கடைசி வரை யூடிஎஃப்-8

ஃபைல், டேட்டாபேஸ், ஏபிஐ, ஸ்கிரீன் என எல்லாக் கட்டத்திலும் யூடிஎஃப்-8 என்பது இன்று பெரும்பாலும் தானாகவே அமைந்துவிடும். ஆனாலும் மூன்று இடங்களில் இன்னும் கால் இடறும்.

முதலாவது சிஎஸ்வி. தமிழ் உள்ள சிஎஸ்வி ஃபைலை எக்செலில் நேரடியாகத் திறந்தால், தலைக்கு மேல் கோடு போட்ட ஆங்கில 'ஏ'யும் வட்டத்துக்குள் 'ஆர்' போட்ட வணிக முத்திரையும் மாறி மாறி வரும். தமிழ்க் கோட் பாயின்ட் ஒவ்வொன்றும் யூடிஎஃப்-8இல் 224, 174 அல்லது 224, 175 என்ற பைட்டுகளில் தொடங்குகிறது. அவற்றைப் பழைய விண்டோஸ் என்கோடிங்காகப் படித்தால் அந்த உருவங்கள் வரும். இந்த அடையாளத்தைத் தெரிந்து வைத்துக்கொண்டால் பிழை எங்கே என்று பார்த்த கணத்திலேயே சொல்லிவிடலாம். ஃபைலின் தொடக்கத்தில் பிஓஎம் என்ற யூனிகோட் அடையாளக் குறியைச் சேர்த்து எழுதினால் எக்செல் சரியாகத் திறக்கும்.

இரண்டாவது, மைக்ரோசாஃப்டின் எஸ்க்யூஎல் சர்வர் டேட்டாபேஸ். வார்ச்சார் வகை நெடுவரிசையில் தமிழைப் போட்டால் கேள்விக்குறிகளாகச் சேமிக்கப்படுவது சகஜம். என்வார்ச்சார் வேண்டும், க்வெரியில் நேரடியாக எழுதும் ஸ்ட்ரிங்குக்கு முன்னால் 'என்' எழுத்தும் வேண்டும். கேள்விக்குறியாக மாறியதை மீட்கவே முடியாது. எந்த எழுத்து இருந்தது என்ற தடயமே அதில் இல்லை.

மூன்றாவது மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸ். அதன் பழைய 'யூடிஎஃப்8' ஒரு கோட் பாயின்டுக்கு 3 பைட்டுக்கு மேல் ஏற்காது. நம் வழக்கமான எழுத்துகள் 3 பைட்டுக்குள் இருப்பதால் பிரச்சினை தெரியாமலே வருடங்கள் ஓடிவிடும், எமோஜி வரும் நாளில் வெடிக்கும். 2019இல் யூனிகோட் 12 தமிழுக்கு 51 குறிகளைக் கூடுதலாகச் சேர்த்தது. முந்திரி முதலான பழைய பின்னங்களும் கணக்குக் குறிகளும் அதில் உண்டு. அவை ஒவ்வொன்றும் 4 பைட். கல்வெட்டு, ஓலைச்சுவடி, பழைய கணக்கேடு சார்ந்த வேலை செய்கிறவர்கள் தொடக்கத்திலேயே 4 பைட் வரை ஏற்கும் 'யூடிஎஃப்8எம்பி4' வைத்துக்கொள்ளுங்கள்.

பாமினி, வானவில் போன்ற எழுத்துருக்களில் தட்டிய பழைய ஆவணங்கள் வேறு ரகம். அந்த ஃபைலில் இருப்பது தமிழே அல்ல, ஆங்கில எழுத்துகளுக்கான எண்கள். எழுத்துரு மட்டும் அவற்றுக்குத் தமிழ் முகம் கொடுக்கிறது. டிஸ்கி, டாப், டாம் என்று குறியீடுகளும் பல இருந்தன. மாற்றுவதற்கு முன் எந்த எழுத்துருவில் தட்டியது என்று கண்டுபிடியுங்கள். ஒன்றின் அட்டவணையை வைத்து இன்னொன்றை மாற்றினால் பாதி சரியாகவும் பாதி தப்பாகவும் வரும். முழுத் தப்பைவிட அது மோசம்.

படி 3: உள்ளே வரும்போதே ஒருமைப்படுத்துங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள்.

'கோவை' என்பதை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம். ஓகாரக் குறிக்குத் தனிக் கோட் பாயின்ட் உண்டு. ஏகார இரட்டைக் கொம்பையும் காலையும் அடுத்தடுத்து வைத்தும் அதே குறியை உண்டாக்கலாம். முதல் முறையில் சொல் 4 கோட் பாயின்ட், இரண்டாவதில் 5. திரையில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். ஆனால் சமமா என்று கேட்டால் கம்ப்யூட்டர் இல்லை என்று சொல்லும். ஒரு வாடிக்கையாளர் கோவை என்று பதிவு செய்திருப்பார், இன்னொருவர் கோவை என்று தேடுவார், ஒன்றும் கிடைக்காது.

தமிழில் இப்படி இரட்டை வடிவம் உள்ளவை நான்கு: ஒகரக் குறி, ஓகாரக் குறி, ஔகாரக் குறி, ஔ என்ற உயிரெழுத்து. யூனிகோடின் என்எஃப்சி என்ற ஒருமைப்படுத்தல் நான்கையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்துவிடும். ஜாவாஸ்கிரிப்டில் ஸ்ட்ரிங்கின் 'நார்மலைஸ்', பைத்தானில் 'யூனிகோட்டேட்டா' மாட்யூலில் உள்ள அதே பெயர் ஃபங்ஷன், ஜாவாவில் 'நார்மலைசர்' கிளாஸ். ஒரு வரி வேலை. படிவம், ஃபைல், ஏபிஐ எதன் வழியாக வந்தாலும் சேமிக்கும் முன் இதைச் செய்யுங்கள், தேடும் சொல்லுக்கும் செய்யுங்கள். ஃபைல் பெயர்களை மறக்க வேண்டாம். ஆப்பிள் மேக்கின் பழைய எச்எஃப்எஸ் பிளஸ் முறை பெயர்களைப் பிரித்த வடிவில்தான் சேமித்து வைத்தது. அங்கிருந்து வந்த 'கோவை' என்ற ஃபோல்டர் லினக்ஸ் சர்வரில் இன்னொரு 'கோவை'யாகப் போய் நிற்கும்.

அப்புறம், என்எஃப்சி தொடாத இடங்களும் உண்டு. 'கௌதம்' என்று எழுத வேண்டியதைப் பலர் ஒற்றைக் கொம்பும் ளகரமும் போட்டு 'கெளதம்' என்று தட்டுகிறார்கள். 'ஔவையார்' ஒகரமும் ளகரமுமாக 'ஒளவையார்' ஆகிறார். கண்ணுக்கு ஒன்று, உள்ளே வேறு சொல். யூனிகோட் இதைச் சரிசெய்யாது, சரிசெய்யவும் கூடாது. 'கெளுத்தி' மீனில் உள்ள ளகரம் உண்மையான ளகரம் அல்லவா? நான் பரிந்துரைப்பது இது: சேமித்த உரையில் கை வைக்காதீர்கள். தேடலுக்கென்று தனியாக ஒரு வடிவம் வைத்துக்கொண்டு, அதில் மட்டும், ளகரத்துக்குப் பின் துணைக்குறியோ புள்ளியோ வராத இடங்களில் ஔகாரமாக மாற்றுங்கள்.

'ஸ்ரீ'யும் இப்படித்தான். 2005இல் வந்த யூனிகோட் 4.1 'ஶ' என்ற எழுத்தைச் சேர்த்ததால் ஸ்ரீயை ஸகரத்தில் தொடங்கியும் எழுதலாம், ஶகரத்தில் தொடங்கியும் எழுதலாம். பல எழுத்துருக்களில் இரண்டும் ஒரே உருவம். பெயர்ப் பட்டியல்களில் ஸ்ரீ எத்தனை வருகிறது என்று நினைத்துப் பாருங்கள். தேடல் வடிவத்தில் இரண்டையும் ஒன்றாக்கிவிடுங்கள். தமிழ் எண் ௧, க என்ற எழுத்தைப் போலவே இருப்பதையும் ஓசிஆர் முறையில் படத்திலிருந்து எடுத்த உரைகளில் கவனியுங்கள். காலும் ரகரமும் இடம் மாறுவதும் அங்கே அதிகம்.

கண்ணுக்குத் தெரியாத இணைப்பான், பிரிப்பான் எழுத்துகளும் (முறையே 8205, 8204 என்ற எண்கள்) காப்பி பேஸ்ட் வழியாக ஒட்டிக்கொண்டு வரும். தேடல் வடிவத்திலிருந்து அவற்றை நீக்கலாம். மூல உரையில் நீக்கினால் குடும்ப எமோஜிகள் தனித்தனி ஆளாகப் பிரிந்துவிடும்.

படி 4: எழுத்து எழுத்தாக வெட்டுங்கள்

'ராமன்' என்ற பெயரின் கடைசிக் கோட் பாயின்டை வெட்டினால் 'ராமன' ஆகிறது. 'கிருஷ்ணமூர்த்தி'யை எட்டாவது கோட் பாயின்டில் வெட்டினால் 'கிருஷ்ணம' என்று நிற்கிறது. பைட் கணக்கில் வெட்டினால் கடைசியில் கறுப்புச் சாய்சதுரத்துக்குள் கேள்விக்குறி வரும். அதுவாவது பிழை என்று தெரியும். புள்ளி போன பெயர் தெரியாது, அப்படியே அடையாள அட்டையில் அச்சாகி வரும்.

முழு எழுத்தாகப் பிரிக்க ஜாவாஸ்கிரிப்டில் 'இன்ட்ல் செக்மென்டர்' இருக்கிறது. 2024இல் ஃபயர்ஃபாக்ஸும் அதைச் சேர்த்துக்கொண்ட பிறகு முக்கிய உலாவிகள் எல்லாவற்றிலும் கிடைக்கிறது. பிஎச்பியில் 'கிராஃபீம்' என்று தொடங்கும் ஃபங்ஷன்கள், ஜாவாவில் 'பிரேக் இட்டரேட்டர்', ஃப்ளட்டரில் 'கேரக்டர்ஸ்' பேக்கேஜ், ரஸ்டில் 'யூனிகோட் செக்மென்டேஷன்'. பைத்தானில் தனியாக நிறுவ வேண்டிய 'ரீஜெக்ஸ்' பேக்கேஜில் பெரிய எக்ஸ் என்ற குறி ஒரு முழு எழுத்தைப் பிடிக்கும். தமிழுக்கென்றே எழுதப்பட்ட 'ஓப்பன் தமிழ்' நூலகமும் உண்டு. சொல் விளையாட்டு, யாப்பு, எழுத்து எண்ணிக்கை போன்ற வேலைக்கு நான் அதைத்தான் முதலில் எடுப்பேன்.

யூனிகோடின் பொது விதிப்படி 'க்ஷ' இரண்டு கிளஸ்டர்: க், ஷ. 'ஸ்ரீ'யும் இரண்டு. குறுக்கெழுத்துச் செயலி எழுதுகிறீர்கள் என்றால் இவற்றை ஒரே கட்டத்தில் வைப்பதா என்று நீங்களே முடிவெடுத்துக் கோடில் எழுத வேண்டும்.

பேக்ஸ்பேஸ் பற்றியும் ஒரு சொல். கர்சர் முழு எழுத்தாக நகர வேண்டும், ஆனால் பேக்ஸ்பேஸ் கடைசிக் குறியை மட்டும் அழிப்பதே பல தமிழ்த் தட்டச்சாளர்களின் கைப்பழக்கம். 'கி'யை 'கீ' ஆக்க ககரத்தையும் மறுபடி தட்ட யாருக்குப் பொறுமை? சொந்தமாக எடிட்டர் எழுதினால் இரண்டையும் ஒரே விதியில் கட்டிவிடாதீர்கள்.

படி 5: பெயரை நிராகரிக்கும் ரீஜெக்ஸைத் தூக்கி எறியுங்கள்

பைத்தானில் 'பல' என்ற ஸ்ட்ரிங்கிடம் 'இஸ்ஆல்ஃபா' (எல்லாம் எழுத்துதானா) என்று கேளுங்கள், ஆம் என்று வரும். 'சில' என்று கேளுங்கள், இல்லை என்று வரும். இகரக் குறி யூனிகோட் கணக்கில் எழுத்து வகையைச் சேர்ந்ததல்ல, குறி வகை. புள்ளியும் அப்படியே. பெயரில் எழுத்து மட்டும்தான் இருக்க வேண்டும் என்று நல்லெண்ணத்தோடு எழுதிய ஒரு வரி ரீஜெக்ஸ் (உரை எப்படி இருக்க வேண்டும் என்று சொல்லும் விதி), கிட்டத்தட்ட எல்லாத் தமிழ்ப் பெயர்களையும் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடும். எழுத்து வகையோடு குறி வகையையும் அனுமதியுங்கள். இனிஷியலுக்குப் புள்ளியும் இடைவெளியும் வேண்டும்.

இதன் இன்னொரு முகம் மெஷின் லேர்னிங்கில் இருக்கிறது. பைத்தானின் வழக்கமான 'ஆர்ஈ' மாட்யூலில் சொல்லைப் பிடிக்கும் பேக்ஸ்லாஷ் டபிள்யூ, 'தமிழ்' என்பதை 'தம', 'ழ' என்று இரண்டாக உடைக்கிறது. சைக்கிட் லேர்ன் நூலகத்தில் சொற்களை எண்ணும் 'கவுன்ட் வெக்டரைசர்' இதே குறியோடு, குறைந்தது இரண்டு எழுத்து வேண்டும் என்ற நிபந்தனையையும் இயல்பாக வைத்திருக்கிறது. கையில் மிஞ்சுவது 'தம' மட்டும். மாடல் பயிற்சி பெறும், ஒரு துல்லிய எண்ணும் வரும், ஆனால் அது படித்தது தமிழ்ச் சொற்களை அல்ல. டோக்கன் பேட்டர்னை, அதாவது சொல் பிரிக்கும் அந்தக் குறியை, மாற்றாமல் செய்த தமிழ் ஆய்வு எதையும் நம்ப நான் தயங்குவேன்.

படி 6: அகர வரிசை

பல், பவளம், பழம், பள்ளி, பறவை, பனை. இதுதான் நம் அகராதி வரிசை. இதையே சாதாரண 'சார்ட்' செய்தால் பனை, பறவை, பல், பள்ளி, பழம், பவளம் என்று வரும். யூனிகோடின் தமிழ்ப் பகுதி இந்திய மொழிகளுக்கான இஸ்கி குறியீட்டைப் பின்பற்றியது. அதில் னகரம் நகரத்தை ஒட்டியும் றகரம் ரகரத்தை ஒட்டியும் வந்துவிட்டன. மெய்யெழுத்து அகரமேறியதற்கு முன் வர வேண்டும் என்ற விதியும் எண் வரிசையில் கிடையாது.

இதற்குத் தீர்வு ஏற்கெனவே இருக்கிறது, பயன்படுத்துகிறவர்கள்தான் குறைவு. யூனிகோட் பராமரிக்கும் சிஎல்டிஆர் என்ற மொழித் தரவுத் தொகுப்பில் தமிழ் வரிசை விதிகள் உண்டு. ஜாவாஸ்கிரிப்டில் 'இன்ட்ல் கொலேட்டர்' உருவாக்கும்போது மொழியாகத் தமிழைச் சொல்லுங்கள். பைத்தானில், ஐசியு என்ற யூனிகோட் நூலகத்தைப் பயன்படுத்தும் 'பைஐசியு'. போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் ஐசியு கொலேஷன் (வரிசை விதி).

இந்த இடத்தில் பழைய வாதம் ஒன்று தலைதூக்கும். 247 எழுத்துக்கும் தனி இடம் தந்திருந்தால் இந்தப் பாடெல்லாம் இல்லையே என்பது. டேஸ் 16 என்ற குறியீடு அப்படி அமைந்ததுதான், 2010இல் தமிழ்நாடு அரசு யூனிகோடோடு சேர்த்து அதையும் ஏற்றது. வாதத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் ஒருமுறை சேர்த்த எழுத்தை யூனிகோட் நீக்குவதில்லை, இடம் மாற்றுவதும் இல்லை. டேஸ் 16 இயங்குவது யூனிகோடின் தனிப்பயன் பகுதியில், அதாவது உங்கள் எழுத்துரு இல்லாதவருக்கு அது வெறும் கட்டம். அகரமேறியவை தவிர்த்த உயிர்மெய்கள் ஒவ்வொன்றுக்கும் யூனிகோட் 'பெயரிட்ட தொடர்' (பெயர் சூட்டிய கோட் பாயின்ட் வரிசை) என்ற அங்கீகாரம் தந்திருக்கிறது. இருக்கும் அமைப்பின் மேல் நல்ல நூலகங்களை எழுதுவதே பயன் தரும் வழி என்பது என் உறுதியான கருத்து.

படி 7: தேடல்

ஒருவர் 'தமிழ்' என்று தேடுகிறார். 'தமிழில்', 'தமிழுக்கு' என்று எழுதிய பக்கங்கள் அகப்படாது. புள்ளி இருந்த இடத்தில் வேறு குறி வந்துவிட்டதால் முன்னொட்டுப் பொருத்தம் தோற்கிறது. சின்ன உபாயம்: தேடும் சொல் புள்ளியில் முடிந்தால் அந்தப் புள்ளியை நீக்கிவிட்டு முன்னொட்டாகத் தேடுங்கள். கொஞ்சம் அதிகமாகவே கிடைக்கும், ஆனால் கிடைக்காமல் போவதைவிட நல்லது. 'வீடு' 'வீட்டில்' ஆவதற்கு இது போதாது, வேர்ச்சொல் காணும் கருவி வேண்டும். ஸ்னோபால் என்ற வேர்ச்சொல் கருவித் தொகுப்பில் தமிழுக்கு ஒன்று உண்டு, 2019இல் வந்த போஸ்ட்கிரெஸ் 12 முதல் அதன் முழு உரைத் தேடலிலும் கிடைக்கிறது.

படி 8: பிடிஎஃப்

உலாவியில் சரியாக இருக்கும் தமிழ், ரசீது பிடிஎஃப்பில் கொம்பு பின்னால் போய் நிற்கும். உலாவிகளில் ஹார்ஃப்பஸ் போன்ற எஞ்சின் குறிகளை இடம் மாற்றி அடுக்குகிறது, பல பிடிஎஃப் நூலகங்கள் அதைச் செய்வதில்லை. ஷேப்பிங் எனப்படும் இந்த வேலைக்கு ஆதரவு உள்ளதா என்று பார்த்து நூலகத்தைத் தேர்ந்தெடுங்கள். இல்லையென்றால் எச்டிஎம்எல் ஆக எழுதி திரையில்லாமல் இயங்கும் ஹெட்லெஸ் குரோம் வழியாக அச்சிடுவது எளிது.

படி 9: மொழி மாடல்கள்

ஏஐ மாடல்கள் உரையை டோக்கன் என்ற சிறு துண்டுகளாகப் பிரித்துக் காசு வாங்குகின்றன. ஆங்கிலம் நிறைந்த தரவில் பழகிய டோக்கனைசருக்குத் தமிழ்ச் சொல் பல துண்டு. 2024 மே மாதம் ஜிபிடி-4ஓ வெளியானபோது ஓப்பன்ஏஐ காட்டிய எடுத்துக்காட்டில், ஒரு தமிழ்ப் பத்தி முன்பு 116 டோக்கன், புதியதில் 35. அதனால் மாடலைத் தேர்ந்தெடுக்கும்போது விலைப்பட்டியலை மட்டும் பார்க்காதீர்கள், உங்கள் தமிழ் உரையைக் கொடுத்து எண்ணிப் பாருங்கள். பதிலைத் துளித்துளியாக வாங்கிக் காட்டுகிறீர்கள் என்றால், டோக்கன் எல்லை ஒரு கோட் பாயின்டின் 3 பைட்டுக்கு நடுவில் விழலாம். முழு எழுத்து வரும்வரை பஃபரில் வைத்திருங்கள்.

படி 10: டெஸ்டில் தமிழ்ப் பெயர்களை வையுங்கள்

டெஸ்ட் டேட்டாவில் 'அஆஇஈ' என்று நான்கு உயிரெழுத்தைப் போட்டு முடிப்பதில் பயனில்லை. அவற்றில் உடைவதற்கு எதுவும் இல்லை. கோவை (இரண்டு வடிவிலும்), கௌதம், ஔவையார், ஸ்ரீதர் (இரண்டு வடிவிலும்), லக்ஷ்மி, கிருஷ்ணமூர்த்தி, கெளுத்தி. இவற்றைப் பதிவு செய்து, தேடி, வெட்டி, வரிசைப்படுத்தி, சிஎஸ்வியாக எடுத்து, பிடிஎஃப்பில் அச்சிட்டுப் பாருங்கள்.

பிழை உங்கள் கோடில் இல்லாமல் நூலகத்தில் இருந்தால் அங்கே போய்ப் பதிவு செய்யுங்கள். படிக்கப்போகிற பராமரிப்பாளருக்குத் தமிழ் தெரியாமல் இருக்கலாம். வர வேண்டிய உருவம், வந்த உருவம் என்று இரண்டு படம், உள்ளிட்ட ஸ்ட்ரிங்கின் கோட் பாயின்ட் எண்கள் வரிசையாக, எழுத்துருவின் பெயர், நூலகத்தின் பதிப்பு ஆகியவற்றை இணைத்தால் அவரால் மொழி தெரியாமலே பிழையைத் தன் கணினியில் வரவழைத்துப் பார்க்க முடியும்.